கொண்டுவிடப்பட்ட குரங்குகள்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கேள்வி

ஊரில் குரங்குத் தொல்லை என்று மனு போகிறது. வனத்துறையினர் கூண்டு வைக்கிறார்கள்; உள்ளே வாழைப்பழமும் வேர்க்கடலையும் போடுகிறார்கள். அகப்பட்டவற்றை வண்டியில் ஏற்றிச் சென்று ஏதாவதொரு காப்புக்காட்டில் திறந்துவிடுகிறார்கள். மறுநாள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி வருகிறது. ‘வனப்பகுதியில் பத்திரமாக விடப்பட்டன’ என்று அது முடிகிறது. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் பழகிப்போன நடைமுறை இது. கடலூர் மாவட்டமும் விலக்கல்ல.

செய்தி முடியும் இடத்தில்தான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. இறக்கிவிடப்பட்ட குரங்கு அந்தப் புது நிலத்தில் எப்படிப் பிழைக்கிறது? அந்த நிலத்துக்கு அதனால் என்ன ஆகிறது? ‘கொண்டுவிடப்பட்ட குரங்குத் தொகை’ என்று உயிரியலாளர்கள் எழுதும்போது கடல் கடந்து அயல் தீவுகளில் விடப்பட்டவற்றையே பெரும்பாலும் குறிக்கிறார்கள். ஒரு மாவட்டத்துக்குள்ளேயே நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி விடப்படும் குரங்குகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவையும் அதில் சேர வேண்டியவை என்பதே என் வாதம். ஒரு குரங்குத் தொகை தான் வாழும் நிலத்தைக் கெடுக்குமா, அதோடு இசைந்து வாழுமா என்பதை அதன் இனப்பெயரோ பிறந்த நாடோ தீர்மானிப்பதில்லை. அது எந்த உணவை நம்பி வாழ்கிறது, தன் கூட்டத்தோடு வந்ததா, நெருக்கடி வந்தால் விலகிப்போக இடம் இருக்கிறதா என்பவையே தீர்மானிக்கின்றன. உலகில் இதுவரை கிடைத்துள்ள சான்றுகளை இந்தக் கோணத்தில் திரும்பப் படித்து, பின்னர் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வரலாம்.

கடல் கடந்த குரங்குகள்

இந்தக் கதையில் இந்தியாவின் பங்கு பெரிது. 1950களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரீசஸ் குரங்குகள் இந்தியாவிலிருந்து மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு ஏற்றுமதியாயின. போலியோ தடுப்பூசி ஆய்வுக்கு அவை தேவைப்பட்டன. 1978இல் இந்திய அரசு இந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்கு முன்பே கப்பலேறிய குரங்குகளின் வழித்தோன்றல்கள் இன்றும் பல இடங்களில் வாழ்கின்றன.

புகழ்பெற்றது போர்ட்டோ ரிக்கோவை அடுத்த காயோ சாந்தியாகோ என்ற சிறு தீவு. சுமார் 15 ஹெக்டேர் பரப்பு. 1938இல் கிளாரன்ஸ் கார்ப்பென்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தியாவில் பிடித்த 409 ரீசஸ் குரங்குகளை அங்கே கொண்டுபோய் விட்டார். தீவில் அவற்றுக்குப் போதிய இயற்கை உணவு கிடையாது. அன்றுமுதல் இன்றுவரை மனிதர் இடும் தீனியில்தான் அவை வாழ்கின்றன. 2017இல் மரியா புயல் தீவின் மரங்களைப் பெருமளவு சாய்த்துவிட்டது. வெயில் தாங்காத குரங்குகள் எஞ்சிய நிழலைப் பகிர்ந்துகொண்டு, முன்பைவிடச் சகிப்போடு நெருங்கி அமரத் தொடங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சண்டைக்குப் பேர்போன ரீசஸ் குரங்கே நிலம் மாறியதும் நடத்தையை மாற்றிக்கொண்டது. குரங்குகளின் சமூக வாழ்வு நெகிழக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த நெகிழ்வுக்கு உணவுக் கவலையின்மை எந்த அளவு துணைநின்றது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அதே 1938இல் ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸில் படகுச் சுற்றுலா நடத்திவந்த கர்னல் டூயி, பயணிகளைக் கவர்வதற்காக ஆற்று நடுவிலிருந்த ஒரு திட்டில் சில ரீசஸ் குரங்குகளை விட்டார். ‘கர்னல்’ அவருடைய பெயர், பதவியல்ல. குரங்குக்கு நீந்தத் தெரியாது என்று அவர் நம்பியிருந்தார். அவை நீந்திக் கரையேறி ஆற்றோரக் காட்டில் பரவின. 1948இல் மேலும் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள். பிற்காலத்தில் நூற்றுக்கணக்கில் பிடித்து அகற்றியும் அவை அற்றுப்போகவில்லை. அவற்றில் ஒரு பகுதி, மனிதருக்கு உயிராபத்து விளைக்கக்கூடிய ஹெர்ப்பீஸ் பி நுண்மியைச் சுமப்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த நிகழ்வைச் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் படகுத்துறையோடு சேர்த்து வாசிக்கவேண்டிய இடம் பின்னால் வரும்.

போர்ட்டோ ரிக்கோவை அடுத்த டெசெச்சியோ தீவின் கதை கடுமையானது. 1966இல் காயோ சாந்தியாகோவிலிருந்து கொஞ்சம் ரீசஸ் குரங்குகளை அங்கே மாற்றினார்கள். கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடுகட்டிய தீவு அது. முட்டைகளும் குஞ்சுகளும் இரையாகி, சில ஆண்டுகளில் அந்தக் குடியிருப்பு குலைந்தது. அரைநூற்றாண்டுக்குப் பின், நெடிய முயற்சியால்தான் குரங்குகளைத் தீவிலிருந்து அகற்ற முடிந்தது.

மொரீஷியஸில் ஐரோப்பிய மாலுமிகள் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் விட்டுச்சென்ற தென்கிழக்காசிய நீண்டவால் குரங்குகள் கரும்புத் தோட்டங்களில் புகுகின்றன. தீவுக்கே உரிய பறவைகளின் கூடுகளைக் கலைக்கின்றன. அயல் செடியான செங்கொய்யாவின் விதைகளைக் காட்டுக்குள் பரப்புகின்றன. தமிழகக் கரையிலிருந்து கரும்பு வெட்டப் போனவர்களின் சந்ததிக்கு இந்தக் குரங்கு நன்கு தெரியும்.

இந்த நிகழ்வுகளை வைத்து அயல் குரங்கு தீங்கானது, சொந்தக் குரங்கு தீங்கற்றது என்று முடிவுகட்டுவது எளிது. சூழலியல் நூல்களில் அந்த முடிவு அடிக்கடி தென்படுகிறது. அது போதாது என்று நான் கருதுவதற்கான காரணம் அலையாத்திக் காடுகளில் இருக்கிறது.

அலையாத்தியில் இரு சாட்சியங்கள்

ஃபுளோரிடாவின் தென்முனைத் தீவுத்தொடரில் கீ லோயிஸ், ராக்கூன் கீ என்று இரு சிறு தீவுகள். மருந்து ஆய்வுக்காக விலங்கு வளர்க்கும் சார்லஸ் ரிவர் நிறுவனம் 1973 முதல் அங்கே ரீசஸ் குரங்குகளைச் சுதந்திரமாக அலையவிட்டு வளர்த்தது. தீனி படகில் வந்தது. தீனி தடையின்றி வந்ததால் தொகை பெருகியது. ஆனால் மூட்டைத் தீனி மட்டும் குரங்குக்குப் போதாது; பசிய இலையையும் மொட்டையும் அது எப்போதும் தேடும். தீவுகளின் கரையோரம் நின்ற செங்கண்டல் மரங்களை அவை மொட்டையடித்தன. அந்த மரம் நம் ஊர்ச் சுரபுன்னையின் இனம். முற்றிய கிளையிலிருந்து மறுபடி தழைக்கும் திறன் அதற்குக் குறைவு. இலைநுனிகளை இழந்தால் கிளை பட்டுப்போகும், பிறகு மரமே பட்டுப்போகும். மரம் போனபின் வேர்கள் பிடித்துவைத்திருந்த மண்ணும் அலையில் கரைந்தது. வழக்குகளும் போராட்டங்களும் நடந்து, 1990களின் இறுதியில் குரங்குகள் அகற்றப்பட்டன. அலையாத்தியை மறுபடி நட வேண்டியதாயிற்று.

இரண்டாவது சாட்சி சுந்தரவனம். இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் பொதுவான, ஏறத்தாழ பத்தாயிரம் சதுர கிலோமீட்டர் அலையாத்திப் பரப்பு. அதே ரீசஸ் குரங்கு அங்கே இயல்பாக வாழ்கிறது. சேற்றில் இறங்கி நண்டு பிடிக்கிறது. மரமேறி இலையும் காயும் தின்கிறது. அது உதிர்க்கும் இலைகளுக்காகப் புள்ளிமான்கள் மரத்தடியில் காத்துநிற்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். புலி வந்தால் குரங்கு கொடுக்கும் எச்சரிக்கைக் குரல் மானுக்கும் உதவுகிறது. சுந்தரவனத்தைக் குரங்கு அழித்துவிட்டதாக யாரும் சொன்னதில்லை.

இரண்டு இடத்திலும் ஒரே இனம். தின்பதும் ஒரே வகைத் தாவரம். ஓரிடத்தில் காடு அழிந்தது. மற்றோரிடத்தில் குரங்கு காட்டின் ஓர் உறுப்பாக இருக்கிறது. வேறுபாடு எங்கே? சுந்தரவனத்துக் குரங்கின் எண்ணிக்கையைக் காடு கொடுக்கும் உணவே வரையறுக்கிறது. ஓர் இடத்தில் இலை குறைந்தால் கூட்டம் நகர்ந்துவிடும். கடித்த மரம் தேற அவகாசம் கிடைக்கும். ஃபுளோரிடாத் தீவில் குரங்கின் எண்ணிக்கையை நிர்ணயித்தது தீனிமூட்டை. மரங்கள் எத்தனை பட்டுப்போனாலும் குரங்கு குறையாது. மூட்டை வந்துகொண்டே இருக்கும். நகர்ந்து போகவும் வழியில்லை, சுற்றிலும் கடல். காடு தாங்கக்கூடிய அளவுக்குப் பல மடங்கு மேலான தொகையை வெளியுணவு தாங்கிப்பிடிக்கும்போது, எஞ்சிய பசுமையெல்லாம் அந்தத் தொகையின் பக்கவுணவாகிவிடுகிறது.

‘அயல்’, ‘சொந்தம்’ என்ற பாகுபாட்டைவிட இந்த விளக்கம் சான்றுகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. டெசெச்சியோவில் தீனி இடப்படவில்லையே என்று கேட்கலாம். சரியான கேள்வி. அங்கே கூடுகளில் கிடந்த முட்டை, அந்தப் பறவைகள் ஒருபோதும் எதிர்கொண்டிராத ஒரு வேட்டைவிலங்கின் முன் கிடந்தது. எதிர்ப்பு என்பதே அறியாத இரை. அயல் என்ற கருத்து முற்றிலும் பொருளற்றதல்ல. முன்பின் பழக்கமில்லாத உயிர்கள் சந்திக்கும் இடத்தில் அதற்கு எடை உண்டு. நம் வட்டாரத்துக்கு அதைவிட நெருக்கமான பாடம் கீ லோயிஸ் தருவதுதான்.

இடமாற்றம்: வெற்றி என்று எதைச் சொல்வது?

குரங்கை ஓரிடத்தில் பிடித்து இன்னோரிடத்தில் விடுவதைப் பற்றி இந்தியாவிலேயே ஆய்வுகள் உண்டு. 1997 ஜனவரியில் பிருந்தாவனத்தில் 1,338 ரீசஸ் குரங்குகளில் 600 பிடிக்கப்பட்டு, எட்டுக் காட்டுத்துண்டுகளில் விடப்பட்டன. அதை நடத்திய எக்வால் இமாம், யஹ்யா, இக்பால் மாலிக் ஆகியோர் 2002இல் எழுதிய கட்டுரை, விடப்பட்ட குரங்குகள் ஆண்டுகள் கழிந்தும் அந்தக் காடுகளிலேயே நிலைத்திருந்ததைக் கண்டு, முயற்சி வெற்றி என்று அறிவித்தது. கவனமாகத் திட்டமிட்ட பணி அது; கூட்டம் கூட்டமாகப் பிடித்ததும் இடத்தை முன்கூட்டி ஆராய்ந்ததும் பாராட்டத்தக்கவை. ஆனால் பிருந்தாவனத்துக்கு இன்று போகும் யாத்திரிகர் முதலில் கேட்கும் அறிவுரை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வையுங்கள் என்பதே. எஞ்சிய குரங்குகளுக்குத் தலைக்கு முன்பைவிட அதிக உணவு கிடைத்தது; தொகை மறுபடி ஏறிவிட்டது. குரங்கு பிழைத்ததா என்ற அளவுகோலில் அது வெற்றி. ஊரின் துன்பம் தீர்ந்ததா என்ற அளவுகோலில் அதே சொல்லைப் பயன்படுத்த முடியாது.

டெல்லியின் அனுபவம் இன்னும் தெளிவானது. 2007 அக்டோபரில் டெல்லி துணை மேயர் எஸ். எஸ். பாஜ்வா, மாடியில் குரங்குகள் பாய்ந்தபோது தவறி விழுந்து இறந்தார். நீதிமன்ற உத்தரவின்படி நகரக் குரங்குகளைப் பிடித்து அசோலா பாட்டி சரணாலயத்தில் விடும் பணி அதே ஆண்டு தொடங்கியது. சுரங்கம் தோண்டிக் கைவிட்ட நிலம் அது, பழமரங்கள் போதாது. ஆகவே அரசு செலவில் பழமும் காயும் கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்தது. ஆயிரமாயிரமாகக் குவிந்த குரங்குகள் சுற்றியிருந்த குடியிருப்புகளுக்குள் நுழைந்தன. கீ லோயிஸின் இலக்கணம் ஒரு தலைநகரின் ஓரத்தில் அப்படியே திரும்பி வந்தது.

மறுபக்கச் சான்றையும் சொல்ல வேண்டும். 1984இல் கென்யாவில் ஷெர்லி ஸ்ட்ரம் மூன்று பபூன் கூட்டங்களை முழுமுழுக் கூட்டமாகப் பிடித்து வேறு நிலத்துக்கு மாற்றினார். வருடக்கணக்காக அந்த விலங்குகளை ஒவ்வொன்றாக அறிந்தவர் அவர். மாற்றியபின்னும் நெடுங்காலம் தொடர்ந்து கவனித்தார். கூட்டங்கள் நிலைத்தன. எந்தச் செடி தின்னத்தக்கது என்பதைப் புது நிலத்துப் பபூன்களிடமிருந்து, குறிப்பாக வந்து சேர்ந்த ஆண்களிடமிருந்து அவை கற்றுக்கொண்டன. இடமாற்றம் எந்நாளும் தோற்கும் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இது சான்று. அது வெற்றி பெறத் தேவைப்பட்ட உழைப்பின் அளவுக்கும் இதுவே சான்று. வேர்க்கடலை போட்ட கூண்டுக்கும் அந்த உழைப்புக்கும் ஒப்பீடே இல்லை.

நாட்டுக் குரங்கு யார்?

கடலூரிலும் சிதம்பரத்திலும் நாம் காண்பது நாட்டுக் குரங்கு. உச்சந்தலையில் நடுவகிடு எடுத்தாற்போல் மயிர் படிந்த, தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரிய இனம். உலகில் வேறெங்கும் இயல்பாக இல்லை. மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள்முழுதும் இருக்கும்; தாய்வழி உறவே கூட்டத்தின் முதுகெலும்பு. கடுவன்கள் கூட்டம் மாறும். ஐந்தரை மாதச் சூல். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. எந்த ஆலமரம் எப்போது பழுக்கும், எந்தக் குட்டையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்பது மூத்த மந்திகளின் நினைவில் இருக்கிறது. கூண்டு வைத்துப் பிடிக்கும்போது துணிச்சலுள்ளவையும் பசித்தவையும் முதலில் அகப்படும். தாய் ஒரு வண்டியிலும் வளர்ந்த மகள் ஊரிலும் பிரிவார்கள். புது இடத்தில் இறங்கும் துண்டுக்கூட்டத்துக்கு வழிகாட்ட யாருமில்லை. அதற்குத் தெரிந்த உணவு மனிதர் கையிலிருந்து வரும் உணவு. ஆகவே அது மனிதரைத் தேடியே நடக்கும். காட்டில் விட்ட குரங்கு பக்கத்துக் கிராமத்தில் தோன்றுவதன் காரணம் இதுதான். ஒரு ஊரின் மனு இன்னோர் ஊரின் மனுவாகிறது.

இந்த இனம் பெருகிவருகிறது என்பது பொதுநம்பிக்கை. ஆய்வுகள் வேறுவிதமாகச் சொல்கின்றன. மைசூருவைச் சுற்றியுள்ள சாலைகளில் மேவா சிங் குழுவினர் நெடுங்காலமாக நடத்திய கணக்கெடுப்பில், இருபத்தைந்து ஆண்டுகளில் நாட்டுக் குரங்கின் தொகை 65 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்திருப்பது 2017இல் வெளியானது. சாலையோர ஆலமரங்களை வெட்டியதும், குரங்குகளைப் பிடித்து அகற்றியதும் முக்கியக் காரணங்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் இதைக் ‘கவலைக்குரியதல்ல’ என்ற நிலையிலிருந்து ‘அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடியது’ என்ற நிலைக்கு மாற்றியிருக்கிறது. ஊரில் கண்ணெதிரே கூட்டமாகத் தெரிவதால் எங்கும் நிறைந்திருப்பதாகத் தோன்றுகிறது. ஊருக்கு வெளியே அது இருந்த இடங்கள் காலியாகிவிட்டன.

வடக்கிலிருந்து இன்னொரு நெருக்கடியும் உண்டு. தபதியும் கோதாவரியும் ரீசஸ் குரங்குக்கும் நாட்டுக் குரங்குக்கும் பழைய எல்லைகள். ரீசஸ் குரங்கு அந்த எல்லையைத் தாண்டித் தெற்கே இறங்கி, நாட்டுக் குரங்கின் இடத்தைப் பிடித்துவருவதை குமார், சிந்து ராதாகிருஷ்ணா, அனிந்த்ய சின்ஹா ஆகியோரின் 2011ஆம் ஆண்டுக் கட்டுரை விவரிக்கிறது. மனிதர்கள் பிடித்துக் கொண்டுவந்து விடுவதும் இந்தப் பரவலுக்கு வழிசெய்கிறது. ஆளுக்கொரு காட்டில் திறந்துவிடும் பழக்கம் ஓர் இனத்தின் எல்லையையே நகர்த்த முடியும்.

கடலூருக்கே உரிய ஒரு செய்தி இதோடு சேர்கிறது. நாட்டுக் குரங்கில் இரு துணையினங்கள் உண்டு. தெற்கத்திய, வெளிர்வயிற்றுத் துணையினத்தை 1931இல் போக்காக் என்ற விலங்கியலாளர் பிரித்துக் காட்டினார். மேற்கே கம்பம் வரையும், கிழக்குக் கரையில் புதுச்சேரிக்கு உட்பட்ட பகுதி வரையும் அது வடக்கே பரவியிருக்கிறது என்பது வகைப்பாட்டாளர் கருத்து. அப்படியானால் கடலூர் அதன் வட எல்லையை ஒட்டிய நிலம். எல்லையில் இயற்கையான கலப்பு இருக்கும், அதில் குற்றமில்லை. விழுப்புரத்துக்கு வடக்கே பிடித்ததைக் கடலூரிலும், கடலூரில் பிடித்ததைக் கிழக்குத் தொடர்ச்சி மலைக்காட்டிலும் கொண்டுவிட்டால், பல்லாயிரம் ஆண்டுகளில் உருவான வேறுபாடு படித்தறியும் முன்னரே கலைந்துபோகும். இப்படி அருகருகே நடக்கும் இடமாற்றத்தையும் ‘கொண்டுவிடல்’ என்றே கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே எனக்கு வலுவான காரணமாகப் படுகிறது.

நோயையும் மறக்கக்கூடாது. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட ‘குரங்குக் காய்ச்சல்’ உண்ணிகளால் பரவுகிறது. நாட்டுக் குரங்கும் முசு என்னும் லங்கூர் குரங்கும் அதில் கூட்டமாக மடிகின்றன. உண்ணி குரங்கோடு வண்டியேறும்.

இந்த வட்டாரத்தின் நிலம்

கடலூர் மாவட்டத்தில் அடர்காடு குறைவு. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் செம்மண் மேட்டில் முந்திரியும் பலாவும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் பாயும் நெல்வயல். கரையோரம் மணல்மேடும் தென்னையும் சவுக்கும். தென்கிழக்கு மூலையில் பிச்சாவரம். ‘காட்டில் விட்டோம்’ என்று சொல்லுமளவுக்கு விரிந்த காடு எங்கே இருக்கிறது? முந்திரிப்பழம் பழுக்கும் பங்குனி, சித்திரையிலும் பலா பழுக்கும் காலத்திலும் தோப்பு குரங்குக்கு உணவளிக்கும். மற்ற மாதங்களில் அது ஊரைத்தான் நாடும்.

அந்தத் தோப்புகளும் பழையபடி இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது தலைமுறை கண்ட பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலையில் சாய்ந்தன. விவசாயிக்கு அது வாழ்வாதாரத்தின் வீழ்ச்சி. குரங்குக்கும் தங்குமிடத்தின் வீழ்ச்சி. விழுப்புரம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் செல்லும் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கியபோது சாலையோரப் புளியும் மற்ற நிழல்மரங்களும் போயின. மைசூருவில் ஆலமரம் போனதன் விளைவு எதுவோ, அதே விளைவை இங்கும் எதிர்பார்ப்பதில் தவறில்லை. மரம் இழந்த குரங்குக்குக் கோயிலும் சந்தையும் பேருந்து நிலையமும் மிச்சம். பக்தர் கொடுக்கும் தேங்காய், குப்பையில் கிடக்கும் சோறு, கடையில் பறிக்கும் பிஸ்கட் இவையெல்லாம் சேர்ந்தால் அதுவும் ஒரு தீனிமூட்டைதான்.

பிச்சாவரத்தைத் தனியே எண்ணிப்பார்க்க வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள இந்த அலையாத்தி நிலம் 2022இல் பன்னாட்டு ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பதிவான பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர். சதுர கிலோமீட்டரில் பதினைந்துக்கும் குறைவு. சுந்தரவனத்தோடு ஒப்பிட்டால் அறுநூறில் ஒரு பங்குகூட இல்லை. சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த தில்லை மரம் இங்கே இயல்பாக வளர்கிறது. அதன் பால் கண்ணைக் கெடுக்கும். வெண்கண்டல் மிகுதி, வாய்க்கால் ஓரங்களில் சுரபுன்னை.

இந்தக் காடு முழுவதும் தானாகத் தழைத்து நிற்பதல்ல. முற்காலத்தில் பட்டை பட்டையாக மரம் வெட்டியதால் நிலம் பள்ளமாகி, தேங்கிய நீர் ஆவியாகி, மண்ணில் உப்பு ஏறி, பெரும்பகுதி வெட்டவெளியாயிற்று. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீரை உள்ளே வரவழைத்து, நாற்று நட்டு மீட்டார்கள். பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வுகள் இந்தக் காட்டை உலகறியச் செய்தன. 2004 ஆழிப்பேரலையில் அலையாத்தி தன் பின்னாலிருந்த ஊர்களைக் காத்தது என்று கதிரேசன், ராஜேந்திரன் ஆய்வு சொன்னது. காத்தது காடா, கடலிலிருந்து அந்த ஊர்கள் இருந்த தூரமும் உயரமுமா என்று வேறு ஆய்வாளர் வாதிட்டார்கள். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், மீட்கப்பட்ட பகுதி மனிதர்கள் சேற்றில் இறங்கி நாற்று நட்டு வளர்த்தது என்பது மாறாது.

நாட்டுக் குரங்குக்குக் கடற்கரை அயலல்ல. கோடியக்கரையின் உலர் பசுமைக்காட்டில் அது இயல்பாக வாழ்கிறது. ஆனால் அங்கே காட்டுப்பழம் உண்டு, நன்னீர்க் குட்டைகள் உண்டு, அகன்ற நிலமும் உண்டு. பிச்சாவரத்தில் கோடையில் உப்பு ஏறும், பழமரம் அரிது. அங்கே குரங்குக்கூட்டம் பெருக வேண்டுமானால் படகுத்துறையின் தின்பண்டம்தான் அதைப் பெருக்கும். அப்படிப் பெருகிய கூட்டம் பக்கவுணவாக எதைத் தேடும் என்பதைக் கீ லோயிஸ் காட்டிவிட்டது. வெண்கண்டல் வெட்டினாலும் துளிர்க்கும். சுரபுன்னைக்கு அந்தத் திறன் இல்லை. சில்வர் ஸ்பிரிங்ஸ் கற்பித்தபடி, கால்வாய் குரங்குக்குத் தடையும் அல்ல.

எதிர்வாதங்களும் வழிகளும்

இதையெல்லாம் கேட்கும் விவசாயி, அப்படியானால் என் மல்லாட்டையை (வேர்க்கடலையை) யார் காப்பது என்று கேட்பார். அவர் கேள்வி நியாயமானது. சூழலியல் எழுத்து அதைப் பெரும்பாலும் தட்டிக்கழித்துவிடுகிறது. விதைத்த மறுநாளே வரிசையாகத் தோண்டித் தின்றுவிட்டுப் போகும் கூட்டத்தைப் பார்த்தவருக்கு, இந்த இனம் குறைந்துவருகிறது என்ற செய்தி ஆறுதலாகாது. ஓட்டுவீட்டில் தனியே இருக்கும் முதியவளுக்கும், கடிபட்டு நாய்க்கடி ஊசிக்காக மருத்துவமனைக்கு அலையும் குழந்தைக்கும் அது பதிலல்ல. கூண்டு கேட்டு மனு கொடுப்பவர்களைக் குரங்கின் பகைவர்களாகச் சித்தரிக்கக் கூடாது. கூண்டு அவர்களுக்கு வாக்களிக்கும் நிம்மதியைத் தருவதில்லை என்பதே என் மறுப்பு. சில மாதம் அமைதி. பிறகு எஞ்சியவை பெருகும், அல்லது வேறொரு ஊரில் பிடித்தவை வந்து சேரும்.

கருத்தடை இன்னொரு வழி. இமாசலப் பிரதேசம் 2007 முதல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ரீசஸ் குரங்குகளுக்குக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விட்டிருக்கிறது. பெருந்தொகையைத் தொடர்ந்து பல ஆண்டுகள் பிடித்தால்தான் பயன் தெரியும். பயிர்ச்சேதம் உடனே குறையாது. எண்ணிக்கையே சரிந்துவரும் நாட்டுக் குரங்குக்கு இதைப் பரவலாகச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. நகரக் கூட்டங்களுக்கு மட்டும் அளவாகச் செய்யலாம்.

ஹாங்காங் சொல்லும் வழி கவனிக்கத்தக்கது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கவுலூன் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ரீசஸ் குரங்குகள் விடப்பட்டன. நீரில் விழும் நச்சுக்காய்களை அவை தின்றுவிடும் என்பது நோக்கமாம். பின்னாளில் மக்கள் தீனி போட்டே தொகை வீங்கியது. 1999இல் அங்கே குரங்குக்கு உணவிடுவது தடை செய்யப்பட்டது. 2024இல் அதிகபட்ச அபராதம் பத்து மடங்காக்கப்பட்டது. கருத்தடையும் சேர்ந்து நடக்கிறது. முதலில் உணவில் கைவைத்த இடம் அது என்பதால் என் வாதத்துக்கு நெருக்கமானது.

சிதம்பரத்தில் இதை எப்படிச் செய்வது? அனுமனுக்குப் படைத்ததைக் குரங்குக்குக் கொடுப்பதைப் பக்தியாகக் கருதும் ஊரில் அபராதம் மட்டும் பலிக்காது. கோயில் வாசலில் இடும் தீனியை நிறுத்துவதைவிட, சந்தைக்குப்பையை மூடிய தொட்டிக்குள் கொண்டுவருவது நகராட்சிக்கு எளிது; அதுவே அளவில் பெரியதும்கூட. தீனி திடீரென்று நின்றால் பசித்த கூட்டம் வீடுகளுக்குள் பாயும். படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதே வேளையில் ஊர் எல்லையிலும் ஏரிக்கரையிலும் புதிய நெடுஞ்சாலையோரத்திலும் ஆலும் அத்தியும் நாவலும் நட வேண்டும். அவை காய்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்; ஆகவே இன்றே தொடங்க வேண்டும்.

பிடித்தே ஆக வேண்டிய நிலை சில ஊர்களில் வரும். அப்போது கூட்டத்தை உடைக்காமல் முழுதாகப் பிடிக்க வேண்டும், பிடித்த இடத்துக்கு மிக அருகிலேயே விட வேண்டும், மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. நோய்ச் சோதனை செய்யாமல் எந்தக் குரங்கும் வண்டியேறக் கூடாது. ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்: எந்த ஊர், எந்தக் கூட்டம், கடுவன் எத்தனை, மந்தி எத்தனை, குட்டி எத்தனை, வயிற்றின் நிறம் என்ன, எங்கே விடப்பட்டது, ஓராண்டு கழித்து அங்கே எத்தனை எஞ்சியிருந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழக விலங்கியல் மாணவர்கள் இதைச் செய்யக்கூடியவர்கள். நாளிதழின் நான்கு வரியைவிட அந்த ஏடு பயன்படும். பிச்சாவரமும் அதை ஒட்டிய கிள்ளை உப்பங்கழியும் விடுமிடங்களின் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறக் கூடாது என்று வனத்துறை எழுத்தில் அறிவிக்க வேண்டும். படகுத்துறையில் தின்பண்டப் பொட்டலத்தோடு பயணிகளை ஏறவிடாமல் இருப்பது அந்த அறிவிப்போடு சேர்ந்து வரவேண்டிய விதி.